பக்கத்து லேன் கணக்கு நமக்கு உதவாது!

நைட் ஷிஃப்ட் முடிந்தால், அமெரிக்க டிராக் ரேஸ் வீடியோக்கள்தான் எனக்குத் துணை. கால் மைல், அதாவது 402 மீட்டர். சில நொடிகளில் ரேஸே முடிந்துவிடும்.

அந்த ஆட்டோமேட்டிக் கார்களில், இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். காரை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம் வரை ஏறுமோ அதுதான் 'ஸ்டால் ஸ்பீடு'. பல ரேஸ் கார்களில் இது 5,000-ஐத் தாண்டும். குறைந்தால் கார் மந்தமாகக் கிளம்பும். அளவுக்கு மீறினால் எண்ணெய் சூடேறி, சக்தி வீணாகும். இன்ஜின் பலம், காரின் எடை, கியர் விகிதம் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்து லேன்காரருக்குப் பொருந்தியது நமக்குப் பொருந்தாது.

"அத்தை பையன் வீடே வாங்கிட்டான்" என்கிறார் அம்மா. கல்விக்கடனையும் சுமந்துகொண்டு, என் எடைக்கேற்ற வேகத்தில்தானே அம்மா நான் கிளம்ப முடியும்?