முகூர்த்தத் தேதி எழுதிய கவர்கள்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் உங்களில் சிலருக்கு ஒரு வேலை இருக்கிறது, பாதியில் விட்டுவிடாதீர்கள்.

என்னிடம் பிளஸ் டூவில் வேதியியல் படித்த ஒருவன் 1988 முதல் சிங்காநல்லூரில் கல்யாணப் போட்டோ எடுக்கிறான். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஆனால் உங்களில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியும், உங்கள் கல்யாண ஆல்பமே அவன் எடுத்ததாக இருக்கும். அவன் ஸ்டுடியோ இருக்கும் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்களாம். பரணில் கிடந்த நெகடிவ் கவர்களை இறக்கித் தேதிவாரியாகப் பிரிக்க வேண்டும் என்றான். எனக்கென்ன வேலை? மூன்று நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒவ்வொரு கவரின் மேலும் முகூர்த்தத் தேதி, மண்டபம், அப்புறம் ஊர். இருகூர் – சூலூர். ஒண்டிப்புதூர் – காங்கயம். பல கவரில் மணமக்கள் பெயரே இல்லை. "பேரு மறந்துருமுங்க டீச்சர், ஊரு மறக்காது" என்றான். சில கவர்களைத் திறந்தால் வினிகர் வாசம் குப்பென்று அடித்தது. அசிடேட் பிலிம் ஈரத்தில் கெட ஆரம்பித்தால் அசிட்டிக் அமிலம் வெளிவரும். "இது நீங்க நடத்துன பாடந்தானுங்க" என்றான். நடத்தினேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிங்காநல்லூர்க்காரர்களுக்குக் கேமரா புதிதல்ல. இங்கே சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்ததும், எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த, கலைஞர் வசனம் எழுதிய ராஜகுமாரி (1947) அங்கே எடுக்கப்பட்டதும் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும். ஆனால் நம் வீடுகளுக்குள் வந்த கேமரா கல்யாணக் கேமராதான்.

அவனுடைய முதல் கேமரா யாஷிகா மேட். கழுத்தில் மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து எடுப்பது. 120 பிலிம் ஒரு ரோலுக்கு 12 படம். நாலு ரோல் என்று பேசினால் மொத்தம் 48. இந்த 48ஐ வைத்துக்கொண்டு ஒரு கொங்குக் கல்யாணத்தைச் சமாளிக்க வேண்டும். பெண் வீட்டுத் தாய்மாமன், மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமன், பெரியப்பா குடும்பம், பங்காளிகள், மில்லில் கூட வேலை பார்ப்பவர்கள், ஊர்ப் பெரியதனம். யாரையாவது விட்டால் வருடக்கணக்கில் பேச்சு வரும். "எல்லாரும் நின்னு முடிச்சா ஜோடிக்குன்னு மூணு பிரேம் மிஞ்சுமுங்க. அதுல ஒண்ணுல மாப்ள கண்ண மூடியிருப்பாரு" என்று சிரித்தான்.

எங்கள் திருமணம் 1978இல். கறுப்பு வெள்ளை. அப்போது பிலிம் என்றால் பாதிக்குப் பாதி நம் ஊட்டியில் செய்ததுதான் என்பார் அன்றைய போட்டோகிராபர். 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்தி ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் விற்றது. இன்று அந்த ஆலை இல்லை, எங்கள் படம் அப்படியே இருக்கிறது. அதில் நான் நாற்காலியில், அவர் பக்கத்தில் நிற்கிறார், இரண்டு பேரும் கிரிமினல் கேசில் மாட்டியவர்கள் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலத்து ஜோடிப் படங்கள் எல்லாமே அப்படித்தான். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேர்த்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பேரன் ஒருநாள் காட்டினான். யார் வீட்டுத் தாத்தா பாட்டியோ, பார்த்தால் நம் வீட்டு ஆட்கள் மாதிரியே இருக்கிறார்கள். யாருமே சிரிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை கவரில் உனக்கு மறக்க முடியாத படம் எது என்று கேட்டேன். மேடைப் படம் ஒன்றைக்கூட அவன் எடுத்துக் காட்டவில்லை.

முதலில் காட்டியது 1994இல் எடுத்த ஓர் இணைச்சீர். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: நம் பக்கம் மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்னால் அவனையும் அவன் உடன்பிறந்தவளையும் வைத்துச் செய்கிற சீர் இது. வீட்டுக்கு மருமகள் வந்தாலும் மகளுக்கு உரிமை குறையாது என்பதற்காக என்று பெரியவர்கள் சொல்வார்கள். அருமைக்காரர் நடத்துவார். பெரும்பாலும் முதல் நாள் ராத்திரி, பாதி மண்டபம் தூங்கிய பிறகு நடக்கும். டவுனிலிருந்து வருகிற போட்டோக்காரர்கள் அந்நேரம் டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்பது இவன் குறை. இவன் மட்டும் அதற்கென்று இரண்டு பிரேம் மிச்சம் வைத்திருப்பான். அன்றைக்குத் தங்கச்சி தலையில் இருந்த கூறைச்சேலை நழுவ, மாப்பிள்ளை சட்டென்று திரும்பி அதைப் பிடித்துச் சரிசெய்தாராம். அந்த நொடி விழுந்துவிட்டது.

இருபது வருடம் கழித்து அந்த மாப்பிள்ளையின் மனைவி தனியாக ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறார். அண்ணனுக்கும் தங்கைக்கும் பாகப்பிரிவினையில் பேச்சு நின்று போய்விட்டது. "ஏனுங்ணா, அந்த இணைச்சீர் போட்டோ நெகடிவ் இருக்குதுங்களா? பெருசாப் போட்டு ஹால்ல மாட்டோணும்" என்றாராம். தன் கல்யாணத்தில் தான் இல்லாத படத்தைத் தேடிக்கொண்டு வந்த பெண்! அப்புறம் பேசிக்கொண்டார்களா என்று கேட்டேன். "தெரியலீங்க. ஆனா ரெண்டு பிரிண்ட் போடச் சொன்னாங்க."

அடுத்தது ஒரு பழக்கம். கல்யாண ஆர்டர் எடுக்கும்போதே அவன் வீட்டாரிடம் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை ஆல்பம் என்பது அல்ல. "மேடைக்கு வராதவங்க யாருங்க?" என்பதுதான். கேட்டதும் சிலர் முழிப்பார்கள், சிலருக்கு உடனே புரியும். கணவனை இழந்த அம்மா. விதவையான அத்தை. பிள்ளையைத் தனியாக வளர்த்து, நகையை அடகு வைத்து மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவளே தாலி கட்டும் நேரத்தில் சமையல்கட்டுப் பக்கம் தூணோரம் நின்றுகொண்டிருப்பாள். யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவளாகவே ஒதுங்கியிருப்பாள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம்தான் வரும். வகுப்பிலும் பேசியிருக்கிறேன், கல்யாண வீட்டிலும் பேசியிருக்கிறேன், பலருக்கு என்மேல் வருத்தமும் உண்டு.

இவன் பேசுவதில்லை. பந்தி ஓய்ந்ததும் மணமக்களைப் "வெளிச்சம் அங்க நல்லாருக்குதுங்க" என்று பொய் சொல்லிச் சமையல்கட்டு வாசலுக்குக் கூட்டிப்போவான். வீடியோக்காரரின் பெரிய லைட்டை அணைக்கச் சொல்வான். "அம்மா, கைய மட்டும் வைங்க." 2001ஆம் ஆண்டுக் கவர் ஒன்றில் அப்படி ஒரு படம். அம்மா நிற்கிறார், மகனும் மருமகளும் குனிந்திருக்கிறார்கள், பின்னால் எண்ணெய் டின்னும் அடுக்கிய பாக்குமட்டைத் தட்டும் தெரிகின்றன. அந்த அம்மாவின் இரண்டு கையும் இரண்டு தலைமேல். அந்த வீட்டு ஆல்பத்தில் மேடைப் படங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பக்கத்தில் இதைத்தான் வைத்தார்களாம். வைக்கச் சொன்னது மருமகள்.

மூன்றாவதைக் காட்டும்போது எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு வந்தான். பழைய பழக்கம் போல. கவரின் மேல் "பாஸ்போர்ட் சைஸ் 1996" என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே ஒரே ஒரு நெகடிவ்.

கோயிலில் தாலி கட்டிக்கொண்டு நேரே வந்த ஜோடி. வேறு வேறு சாதி. பதிவு செய்யவும், போலீஸ் ஸ்டேஷனில் காட்டவும் மாலையும் கழுத்துமாக ஒரு போட்டோ வேண்டும். (2009இல் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் வந்த பிறகு எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கு முன்பு வீட்டை எதிர்த்து வந்தவர்களுக்குத்தான் அந்த அவசரம் தெரியும்.) வேறு கல்யாணத்துக்குப் போட்ட ரோலில் ஒரு பிரேம் மிச்சம் இருந்தது. முகம் கழுவச் சொல்லி, பவுடரும் சீப்பும் கொடுத்திருக்கிறான். அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவே இல்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேனுங்க டீச்சர். அந்தச் சத்தம் கேட்டப்புறந்தான் அந்தப் புள்ள நிமிந்து பாத்துச்சு. அப்ப எடுத்தது." ஒரே ஒரு பிரேம். காசு வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நாலு பேர் வந்து விசாரித்தார்கள். இங்கே யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டான். கை நடுங்கியதாம். அவனுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அன்று ராத்திரி இந்தக் கவர் பரணில் இருக்கிறதா என்று ஏறிப் பார்த்ததாகச் சொன்னான்.

2019இல் அவர்கள் வந்தார்கள், காலேஜ் படிக்கும் மகளோடு. இவர்களிடம் இருந்த ஒரே பிரிண்ட் வீடு மாற்றியதில் தொலைந்துவிட்டது. மகள்தான் "உங்க கல்யாணப் படம் ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டுக் கூட்டி வந்திருக்கிறாள். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். நான் அந்த நெகடிவைக் கையில் வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நெகடிவில் வெள்ளை எல்லாம் கறுப்பாகத் தெரியும் அல்லவா, மாலைகள் கறுப்பாக இருந்தன. ஒன்று சம்பங்கி, ஒன்று ரோஜா என்றான். அவசரத்தில் ஒரே மாதிரி ஜோடி மாலை கிடைக்கவில்லையாம்.

இப்போது ஸ்டுடியோ வேலையை மகன் பார்க்கிறான். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் படம். ட்ரோன் பறக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே ஆழியாறு, வால்பாறை என்று அவுட்டோர் போகிறார்கள். இதையெல்லாம் திட்டுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் திட்ட மாட்டேன். அந்தக் காலத்தில் மேடையில்தான் முதல் தடவை பக்கத்தில் நிற்போம். கையைப் பிடிக்கச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேர்க்கும். இந்தப் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்கக் காரில் பேசிக்கொண்டு போய் வருகிறார்கள், அது நல்லதுதானே. ரிசப்ஷனில் நாலு மணி நேரம் நிற்க வைத்து எல்லோரோடும் சிரிக்கச் சொல்வதுதான் கொடுமை. மகன் எடுத்ததில் எனக்குப் பிடித்தது, அந்த வரிசை முடிந்த பிறகு மணப்பெண் படியில் உட்கார்ந்து ஹீல்ஸைக் கழற்ற, மாப்பிள்ளை அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் படம். ஆல்பத்தில் சேர்க்க வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

படம் பெருகிவிட்டதே தவிர, தங்குகிறதா என்பதுதான் என் கவலை. கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் இருப்பது வெள்ளி. நன்றாகக் கழுவியிருந்தால் மூன்று தலைமுறை நிற்கும். கலர் பிரிண்டில் இருப்பது சாயம், அதில் நீலம் முதலில் போய் முகமெல்லாம் சிவந்துவிடும். எண்பதுகளில் கல்யாணம் ஆனவர்கள் ஆல்பத்தைத் திறந்து பாருங்கள், தெரியும். வீடியோ கேசட்டில் பூஞ்சை. சிடியைப் போட இப்போது கம்ப்யூட்டரில் இடமே இல்லை. போனில் இருப்பது போன் போனால் போச்சு. அந்த நாலாயிரத்தில் ஒரு நாற்பதையாவது பிரிண்ட் போட்டு வையுங்கள்.

இனி அந்த வேலை. 1988 முதல் 2005 வரை உள்ள கவர்களை மாதவாரியாக அடுக்கிவிட்டோம். அவரவர் நெகடிவை அவரவரே வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்கிறான். வினிகர் வாசம் அடிப்பவற்றை முதலில் ஸ்கேன் செய்துகொள்வது நல்லது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் மாதம் முழுக்க ஸ்டுடியோவில்தான் இருப்பான். ஆவணி பிறந்ததும் கட்டடத்தை இடிக்கிறார்கள். இடம் தெரியாதவர்கள் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள். வரும்போது கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் முகூர்த்தத் தேதியும் இரண்டு ஊர்ப் பெயரும் போதும். தேதி மறந்துபோன மாப்பிள்ளைகள் தயவுசெய்து வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வரவும்.