உட்டாவின் பொதுவெளியில் நான்கு இரவுகள்

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதே எங்கள் முதற் கேள்வியாயிருந்தது. மனிதர் தங்கும் இடம் எதுவாயினும் அதற்கொரு வாயில் உண்டு, வாயிலில் ஒரு காவலர் உண்டு, அவர் கையில் ஒரு பதிவேடும் உண்டு என்றே நாங்கள் இருவரும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகியிருக்கிறோம். 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில், டெல்ட்டா என்னும் சிற்றூரிலிருந்து தெற்கே மில்ஃபோர்டு நோக்கிச் செல்லும் சாலையை விட்டு விலகி, எங்கள் மாப்பிள்ளை வண்டியை ஒரு மண்பாதையில் திருப்பினார். அங்கே வாயிலும் இல்லை, காவலரும் இல்லை. கால்நடைகள் தாண்டிச் செல்லாதவாறு ஒரு குழியின்மேல் பதித்திருந்த இரும்புக் கம்பிகள் மட்டும் சக்கரங்களின் கீழே கடகடவென்று ஓசையிட்டன.

“யாரிடமும் கேட்க வேண்டாம் மாமா. பதினான்கு நாள் வரையில் தங்கலாம். கட்டணம் என்று ஒரு காசு கிடையாது” என்றார் அவர்.

“அப்படியானால் இந்த நிலம் யாருடையது?”

“எல்லாருடையதும்தான்” என்று பின்னிருக்கையிலிருந்து பேத்தி விடையளித்தாள். பள்ளியில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த விடை எங்களுக்கு எளிதில் விளங்கவில்லை. மாப்பிள்ளை வரைபடத்தை விரித்துக் காட்டினார். அதில் பெரும்பகுதி மஞ்சள் நிறமாக இருந்தது. 1946ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறையின் பொறுப்பில் உள்ள நிலம் அது. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 24 கோடியே 50 இலட்சம் ஏக்கர், அதாவது நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, இத்துறையின்கீழ் இருக்கிறது. உட்டாவில் மட்டும் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. மஞ்சளுக்கு நடுவே நீலக் கட்டங்கள் ஒழுங்காகச் சிதறிக் கிடந்தன. 1896ஆம் ஆண்டு உட்டா ஒரு மாநிலமாக ஏற்கப்பட்டபோது, முப்பத்தாறு சதுர மைல் கொண்ட ஒவ்வொரு வட்டாரத்திலும் நான்கு சதுர மைல் பள்ளிக்கூடங்களின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டதாம். அவையே அந்த நீலக் கட்டங்கள். பாலைநிலத்தின் நடுவிலும் பள்ளிக்கூடத்தை நினைத்திருக்கிறார்களே என்று, வாழ்நாளெல்லாம் ஆசிரியப் பணி செய்த நாங்கள் மனத்துக்குள் மெச்சிக்கொண்டோம்.

வாசகர்கள் புறம்போக்கு என்ற சொல்லை அறிவார்கள். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, மந்தைவெளி என்றெல்லாம் நம் வருவாய்க் கணக்கில், தனியொருவருக்குப் பட்டாவாகாமல் ஊருக்கென்று நின்ற நிலத்தின் பெயர் அது. நாளடைவில் அச்சொல்லை நாம் ஏச்சாகவே மாற்றிவிட்டோம். அமெரிக்க மேற்குப் பகுதியின் இந்நிலமும் ஒருவகையில் புறம்போக்குதான். 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து உழைத்துப் பண்படுத்துவோர்க்கு 160 ஏக்கர் நிலம் சொந்தமாக வழங்கப்பட்டது. நல்ல நிலங்களுக்கெல்லாம் ஆள் வந்தது. ஆனால் ஆண்டில் பத்து அங்குல மழைகூடப் பெய்யாத இவ்வெளியில் 160 ஏக்கர் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? யாரும் விரும்பாமையால் எஞ்சியதே இப்பொதுநிலம். எஞ்சியதை இனி விற்பதில்லை, நாட்டின் பொதுச் சொத்தாகவே வைத்துக்கொள்வது என்ற கொள்கை 1976ஆம் ஆண்டில்தான் சட்டமாயிற்று.

பொதுச் சொத்து என்றால் பொறுப்பும் உண்டு. மாப்பிள்ளை விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். முன்பு யாரேனும் தங்கிப் புல் தேய்ந்த இடத்திலேயே கூடாரமடிக்க வேண்டும். புதிய இடத்தைக் கெடுக்கலாகாது. நீர்நிலைக்கு இருநூறு அடிக்குள் தங்கலாகாது. குப்பை என்று ஒரு தாளைக்கூட விட்டுவரக் கூடாது. கழிப்பறை கிடையாது. ஆறங்குல ஆழத்திற்குக் குறையாமல் குழி தோண்டி, பின்னர் மூட வேண்டும். மாப்பிள்ளை கையில் சிறு மண்வெட்டியைக் கொடுத்தபோது எங்களில் ஒருவருக்கு முகம் சுருங்கியது உண்மைதான். சிறு வயதில் கொல்லைப்புறம் சென்ற நாட்களை மறந்துவிட்டு, வயதான காலத்தில் கூச்சம் எங்கிருந்தோ வந்துவிட்டது! தண்ணீர்க் குழாயும் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு வேண்டிய அறுபது லிட்டரும், மேலும் இருபது லிட்டரும் கொண்டுவந்திருந்தோம். ஞாயிறு காலையிலேயே திரும்புவதாகத் திட்டம்.

அன்றிரவு வானத்தைக் கண்ட காட்சியை எழுத எங்களுக்குச் சொல் போதாது. பால்வீதி தலைக்கு மேலே புகைபோலன்றி மணல்போல் கிடந்தது. வெகு தொலைவில் மில்ஃபோர்டுக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஒன்றாகக் கண்விழித்து ஒன்றாகக் கண்மூடின. இடையிலே விளக்கென்று வேறொன்றும் இல்லை. நரியை ஒத்த கயோட்டிகள் நடுநிசியில் ஊளையிட்டபோது பேத்தி எங்கள் கூடாரத்துக்கு வந்து நடுவில் படுத்துக்கொண்டாள்.

இவ்விடத்தை நாங்களே கேட்டு வந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். மகளின் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இரவலாகத் தந்த நூலில், பிரான்சிஸ்கன் சபைக் குருக்களான டொமிங்கெஸ், எஸ்கலாந்தே ஆகிய இருவரின் பயணத்தைப் பற்றிப் படித்திருந்தோம். 1776ஆம் ஆண்டு ஜூலை மாதம், கீழைக் கடற்கரையில் அமெரிக்கர் தம் விடுதலையை அறிவித்த அதே மாதத்தின் 29ஆம் நாள், அவர்கள் சாந்தா ஃபே நகரிலிருந்து கலிபோர்னியாவின் மோந்தெரே நகருக்கு வழி தேடிப் புறப்பட்டார்கள். குழுவில் பத்துப் பேர். பயணக் குறிப்பு எழுதிய எஸ்கலாந்தே இருபதுகளிலிருந்த இளைஞர். அக்டோபர் முதல் வாரத்தில், நாங்கள் கூடாரமடித்த இதே பள்ளத்தாக்கிற்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் நல்ல நீரின்றித் தவித்தார்கள். கிடைத்ததோ உப்புச் சதுப்பு. பின்னர் வழிகாட்டிகளில் ஒருவர் பிரிந்து போய்விட்டார். அதன்பின் பனியும் மழையும் பிடித்துக்கொண்டன. குளிரில் நடுங்கிய அவர்கள் அக்டோபர் 6ஆம் நாள் செபமாலையின் மூன்று பகுதிகளையும், நம் வழக்கில் சொன்னால் நூற்றைம்பத்து மூன்று மணிச் செபத்தை, உரக்கச் சொல்லி மன்றாட்டுமாலையும் பாடினார்களாம். இரவு ஒன்பது மணியளவில் மழையும் பனியும் நின்றன. ஆயினும் மறுநாள் அவர்களால் ஓர் அடி நகர முடியவில்லை. காரணம், சேறு.

இதைச் சனிக்கிழமை மாலை பேத்திக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மேற்கே மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது. இரவெல்லாம் மழை. பெரிய மழையென்றும் சொல்ல முடியாது; நம் ஐப்பசி மழையின் முன் அது வெறும் தூறல். ஆனால் இவ்வெளி முழுவதும் சுமார் பதினையாயிரம் ஆண்டுகளுக்கு முன் பானவில் என்னும் மாபெரும் ஏரியின் அடித்தரையாயிருந்தது. பழைய கரைகள் மலைச் சரிவுகளில் இன்றும் படிக்கட்டுகள்போலத் தெரிகின்றன. அந்த ஏரி விட்டுச் சென்ற நுண்ணிய களிமண், காய்ந்திருக்கையில் தார்ச்சாலைபோல் வண்டியைத் தாங்கும். நனைந்துவிட்டாலோ குயவர் பிசைந்த மண்ணாகிவிடும்.

ஞாயிறு காலை மழை விட்டது. காத்திருப்போம் என்றார் மாப்பிள்ளை. மதியத் திருப்பலிக்குப் போய்விடலாம் என்று அவசரப்படுத்தியவர்கள் நாங்கள்தாம், மறைப்பதற்கில்லை. வண்டி நூறு கெஜம்கூடப் போகவில்லை. சக்கரங்களில் சேறு அப்பி அவை இருமடங்கு பருத்தன. வண்டி பாதையை விட்டுச் சறுக்கிப் புதரோரம் சாய்ந்து நின்றது. பின்னே திரும்பிப் பார்த்தால், பாதையிலும் பாதைக்கு வெளியிலும் ஒரு சாண் ஆழத்தில் எங்கள் தடம் பதிந்திருந்தது. கைப்பேசியில் அலைவரிசை கிடையாது. நெடுஞ்சாலை எட்டு மைல்.

அச்சம் என்று ஒன்று அப்போது வந்தது. தண்ணீர் இருபது லிட்டருக்குச் சற்று மேல் இருந்தது. மகள் தார்ப்பாயின் மடிப்பில் தேங்கிய மழைநீரைக் குவளையால் அள்ளிப் பாத்திரத்தில் நிரப்பினாள். எங்களில் ஒருவருக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய். மாத்திரைகள் மூன்று நாளைக்கு மட்டும் எடுத்துவந்திருந்தோம். அதை மகளிடம் சொல்லாமல் இருந்தது எங்கள் தவறு. திங்கள் காலை அவளே வெற்று அட்டையைக் கண்டுபிடித்தாள். “அம்மா, இதைக்கூடவா சொல்ல மாட்டீர்கள்?” என்று கேட்டுவிட்டு, அப்பால் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். ஞாயிறு இரவு நாங்கள் ஐவரும் செபமாலை சொன்னோம். ஐம்பத்து மூன்று மணிதான்; நூற்றைம்பத்து மூன்றுக்குப் பேத்தி விழித்திருக்கவில்லை.

திங்கள் நண்பகலில் குதிரைமீது ஒருவர் வந்தார். மாடு வளர்ப்பவர், குளிர்கால மேய்ச்சலுக்கு மந்தையைக் கொண்டுவருமுன் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்தாராம். சேற்றில் குதிரை போகும், வண்டி போகாது என்று சிரித்தார். தடத்தைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. கடிந்துகொள்ளவில்லை. நாளை நண்பகல் வரையில் வண்டியைத் தொடாதீர்கள் என்றார். எங்கள் மாத்திரைக் கதையைக் கேட்டுவிட்டு, மாலைக்குள் ஊருக்குச் செய்தி அனுப்புவதாகச் சொல்லி, சேணப்பையிலிருந்து உலர்ந்த இறைச்சியும் தம் குடிநீரில் பாதியும் கொடுத்தார்.

அரை மணி நேரம் எங்களோடு உட்கார்ந்து தேநீர் அருந்தினார். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய, அந்த 2024ஆம் ஆண்டில் அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் 1.35 டாலர். குறைவுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஆகஸ்டு மாதத்தில்தான் உட்டா மாநில அரசு, 1 கோடியே 85 இலட்சம் ஏக்கர் பொதுநிலத்தை நடுவண் அரசு வைத்திருப்பது முறையன்று என்று உச்ச நீதிமன்றத்தை நாடியிருந்தது. எது நல்லது என்று கேட்டோம். நெடுந்தொலைவில் இருப்பவர்கள் வகுக்கும் விதிகளில் தமக்கு வெறுப்புண்டு என்றார். ஆனால் மாநிலத்தின் கைக்குப் போனால் பணமுடை வரும்போது விற்றுவிடுவார்கள். வாங்குகிறவன் முதலில் செய்வது வாயிற்கதவு போடுவதுதான் என்றார். அவருடைய பாட்டனார் காலந்தொட்டு இங்கே மாடு மேய்க்கிறார்களாம்.

அவருடைய பாட்டனாருக்கும் முன்னே யார் இருந்தார்கள் என்பதை அவரிடம் கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. இங்கிருந்து தெற்கே வாழ்ந்த பாயூட் மக்கள் விதைகளையும் மலைப் பைன் மரத்தின் கொட்டைகளையும் சேர்த்து உண்டு இதே நிலத்தில் பிழைத்தவர்கள். பசியால் தம் குதிரைகளையே கொன்று தின்ற குருக்களின் குழுவிற்கு உணவு விற்றவர்களும் அவர்களே. 1954ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு உட்டாவின் பாயூட் குலத்தாரை ஒரு தனிச் சமூகமாக ஏற்பதையே நிறுத்திக்கொண்டது. அதன் விளைவாக அவர்களுக்கென்றிருந்த நிலமும் பெரும்பாலும் கைமாறிப் போயிற்று. 1980ஆம் ஆண்டில்தான் அந்த ஏற்பு மீண்டும் கிட்டியது. எல்லாருடையதும் என்று பேத்தி சொன்ன விடையில் ‘எல்லாரும்’ என்ற சொல் யாரை விட்டுவிட்டு எண்ணியது என்று, அன்றிரவு உறக்கம் வராமல் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

குருக்களின் கதையின் முடிவைப் பேத்தி விடாமல் கேட்டாள். சேறு காய்ந்து சற்றுத் தெற்கே நகர்ந்தபின், குளிர்காலம் நெருங்கியதால் திரும்பிவிடலாம் என்று குருக்கள் கருதினார்கள். உடன் வந்தோர் சிலர் மோந்தெரேக்கே போக வேண்டுமென்று முணுமுணுத்தார்கள். அக்டோபர் 11ஆம் நாள் திருவுளச் சீட்டுப் போட்டார்கள். திரும்பும் வழியே விழுந்தது. 1777ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் சாந்தா ஃபே வந்து சேர்ந்தார்கள். மோந்தெரேயை அவர்கள் காணவில்லை. “அப்படியானால் தோற்றுப்போனார்களா, தாத்தா?” என்றாள். உயிரோடு வீடு வந்தார்கள் என்று சொல்லி வைத்தோம்.

செவ்வாய் நண்பகலுக்குப் பின் மண்ணின் நிறம் வெளிறியது. புறப்படுமுன் மாப்பிள்ளையும் மகளும் மண்வெட்டியால் எங்கள் தடத்தை மூட முயன்றார்கள். அதற்குள் அது செங்கல்லாக இறுகிவிட்டிருந்தது. மில்ஃபோர்டு மருந்துக் கடையில் எங்களைக் கண்டதும், செய்தி நேற்றே வந்துவிட்டது என்றார்கள்.

உட்டாவின் வழக்கை உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஏற்க மறுத்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், மேற்கு மாநிலங்களின் பொதுநிலத்தில் ஒரு பகுதியை விற்பதற்கான திட்டத்தை உட்டாவின் செனட்டர் மைக் லீ நிதி மசோதாவில் சேர்க்க முயன்றார். வேட்டைக்காரர், மீன்பிடிப்போர், மலையேறுவோர் என்று கட்சி பாராமல் பலரும் எதிர்த்ததால், அம்மாத இறுதியிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மகள் அச்செய்தியைத் தொலைபேசியில் சொன்னாள். மே மாதத்தில் தாங்கள் அப்பக்கம் போய் வந்ததையும் அப்போதுதான் சொன்னாள். எங்கள் தடம் அப்படியே இருக்கிறதாம். அதன் ஒரு பள்ளத்தில் மட்டும் மழைநீர் நின்று, விரல் உயரத்திற்குப் புல் முளைத்திருக்கிறதாம். நாங்கள் கூடாரமடித்த இடத்தில் வேறு யாரோ கூடாரம் அடித்திருந்தார்கள் என்றாள்.