கொட்டகையில் நின்ற அந்த மோட்டார்

 

மடப்பள்ளிக்குப் பின்னால், நாற்காலி அடுக்கி வைக்கிற கொட்டகையில், நீலத் தார்ப்பாய் போட்டு மூடின ஒரு மோட்டார் ஆறு மாசமா நின்னுச்சு. பல பேர் நேரில் கேட்டீங்க. சில பேர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டீங்க. "கோயில் என்ன வொர்க்‌ஷாப்பா?" என்று ஒருவர் போட்டிருந்ததையும் பார்த்தோம். எங்களுக்குக் கோபம் இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். வேலை முடியட்டும், அப்புறம் முழுசா சொல்லிக்கலாம்னு இவ்வளவு நாள் வாயைத் திறக்கல.

முதலில் கணக்கு. ஆலய நிதியிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை. தொண்டூழியர்கள் பதினோரு பேர் கைக்காசு போட்டோம். மொத்தச் செலவு 1,940 வெள்ளி. ரசீது எல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு வச்சிருக்கோம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கொட்டகைக்கு நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினோம். கரண்டு செலவுக்கு உண்டியலில் 50 வெள்ளி போட்டாச்சு.

இனி மோட்டார் கதை.

அது நம்ம பூ அங்கிளோட ஹோண்டா ஈஎக்ஸ்5. அவருடைய உண்மையான பேர் எங்களில் பாதிப் பேருக்கே தெரியாது. 1999-இல் வாங்கின மோட்டார். நீல நிறம், முன்னால் ஒரு கம்பிக் கூடை. விடியற்காலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, தாமான் தாமானாகப் போய், வேலியோரம் பூத்திருக்கிற செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் பறிச்சுக்கிட்டு ஐந்தேகாலுக்குக் கோயிலுக்கு வந்துடுவார். இட்லிப்பூன்னு நாம சாதாரணமா சொல்றதுதான் வெட்சி, முருகனுக்கு உகந்தது என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். குருக்கள் வந்து பார்க்கும்போது தட்டில் பூ இருக்கும். இருபது வருஷத்துக்கும் மேல் இப்படித்தான். அந்தப் பூ எங்கிருந்து வருதுன்னு நாங்க யாரும் யோசித்ததே இல்லை. குழாயைத் திறந்தா தண்ணி வர்ற மாதிரி நினைச்சிட்டோம்.

போன கந்தசஷ்டியின் இரண்டாம் நாள் பூ வரவில்லை.

சுங்கைப்பட்டாணியில் அன்றைக்கு நல்ல மழை. சந்திப்பில் ஒரு கார் சிவப்பு விளக்கை மதிக்காமல் வந்து மோதியிருக்கு. நிற்காமலே போயிடுச்சு. நாங்க போய்ச் சேர்ந்தபோது அங்கிளை ஆம்புலன்ஸில் ஏற்றியாச்சு. தார் ரோடு முழுக்க நந்தியாவட்டை ஒட்டிக்கிடந்துச்சு. வலது தொடை எலும்பு முறிந்து, இரண்டு முறை அறுவை சிகிச்சை, உள்ளே பிளேட். முருகன் அருளால் உயிருக்கு ஒன்றும் இல்லை.

அவருக்கு ஒரே மகன், இருபது வயசு. எங்களோடு உருமி மேளத்தில் இருந்த தம்பி. அப்பா ஆறு நாளும் விரதம், அன்றைக்கு உடம்பு அசதியா இருந்திருக்கு. "இன்னிக்கு நீ போய் பூ எடுத்துட்டு வாடா"ன்னு முதல் நாள் ராத்திரியே சொல்லியிருக்கார். தம்பி சரின்னு சொல்லிட்டுத் தூங்கிட்டான். எழுப்ப மனசில்லாம அவரே கிளம்பியிருக்கார்.

இதைத் தம்பி எங்களிடம் சொன்னது மூன்று மாசம் கழிச்சு. அது வரைக்கும் கோயில் பக்கமே வரவில்லை. போன் எடுக்க மாட்டான். தைப்பூசத்துக்கு ஆள் பற்றாக்குறை, பால்குட வரிசை, தண்ணீர்ப் பந்தல்னு நாங்களும் எங்க வேலையில் இருந்துட்டோம். போய்ப் பார்த்திருக்கணும். அது எங்க தவறுதான்.

தைப்பூசம் முடிஞ்சு வீட்டுக்குப் போனோம். அங்கிள் வாக்கர் பிடிச்சு நடந்துகிட்டிருந்தார். மோட்டார் வாசலில் பாயைப் போட்டு மூடிக் கிடந்தது. பழைய இரும்புக்காரர் 150 வெள்ளிக்குக் கேட்டிருக்கார். "கொடுத்துடலாம்பா, அதைப் பார்த்தா இவன் சாப்பிட மாட்டேங்குறான்" என்றார் அங்கிள். காப்புறுதி மூன்றாம் தரப்புக்கு மட்டும்தான், இடிச்ச கார் யாருன்னே தெரியல. அதனால் நஷ்ட ஈடுன்னு ஒரு காசு வராது.

நாங்கதான் ஆசைப்பட்டு, இரும்புக்காரருக்குக் கொடுக்காதீங்க அங்கிள்னு சொல்லி, லாரியில் ஏற்றி, அவர் வழக்கமா போகிற வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். தவுக்கே ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துட்டு, "இனி சூடா மாத்தி லா" என்றார். முன் ரிம் எட்டு மாதிரி முறுக்கிக்கிடக்கு, போர்க் இரண்டும் வளைவு, முன் கவர் சுக்கல், வலப்பக்க இஞ்சின் மூடி விரிசல் விட்டு எண்ணெய் எல்லாம் ஓடிப்போச்சு. இது எல்லாம்கூட மாற்றலாம். சட்டம்தான் பிரச்சினை. பின் டயரைச் சுற்றி நூல் கட்டி இரண்டு பக்கமும் முன்னால் இழுத்துப் பிடிச்சுக் காட்டினார். கழுத்துப் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் விலகியிருந்துச்சு. கடையில் கொடுத்துச் செய்தால் செலவு மோட்டாரின் விலையைத் தாண்டும்.

பட்டர்வொர்த்தில் ஒரு பழைய சாமான் கடையில் நல்ல சட்டம் 250 வெள்ளிக்குக் கிடைக்கும்னு எங்களில் ஒருவர் விசாரிச்சிட்டு வந்தார். ஒரே நாளில் வேலை முடியும். ஆனா கெரானில் இருக்கிற செசி நம்பர் ஒன்று, சட்டத்தில் இருக்கிற நம்பர் வேறொன்று. அந்தச் சட்டம் யார் வீட்டு மோட்டாரோ, எப்படி வந்ததோ. சாமிக்குப் பூ கொண்டுவர்ற வண்டி. அதை எடுத்தா மோட்டார் ஓடும், நாங்க கோயில் வாசலை எப்படி மிதிக்கிறது? வேண்டாம்னு விட்டோம். பழைய சட்டத்தையே ஹைட்ராலிக் ஜாக் வச்சு நிமிர்த்துகிற இடத்தில் 180 வெள்ளி கொடுத்து நேராக்கினோம். வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு இருக்கான்னு தவுக்கே டார்ச் அடிச்சு அங்குலம் அங்குலமாப் பார்த்தார். இல்லை. அன்றைக்கு அவர் எங்களிடம் கூலி வாங்கல. அதுக்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரே கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துக்குவார். கையால் எதையும் தொட மாட்டார், வாயால் மட்டும் திட்டுவார்.

தம்பியை அழைச்சிட்டு வர்றதுதான் கஷ்டம். "ஸ்பேனர் பிடிக்க ஆள் இல்லடா"ன்னு பொய் சொல்லித்தான் வரவழைச்சோம். முதல் இரண்டு வாரம் கொட்டகை வரைக்கும் வந்துட்டு, சந்நிதிப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே போயிடுவான். நாங்க ஒன்றும் கேட்கல. சக்கரம் கட்டும்போதுதான் பேச ஆரம்பிச்சான். புது ரிம்மில் கம்பி கோர்த்து, ஒவ்வொரு கம்பியாக் கால் திருகு, அரைத் திருகுன்னு இறுக்கி, சக்கரம் ஆடாம சுத்துற வரைக்கும் பார்க்கணும். ஒரு சக்கரத்துக்கு 36 கம்பி. நம்ம தேவார வகுப்பு ஐயா அந்தப் பக்கம் வந்தவர், "சைவ சித்தாந்தத்தில் தத்துவம் முப்பத்தாறு, நீங்க எத்தனையாவதுல இருக்கீங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரிச்சோம், தம்பியும். சிரிச்சு முடிச்சு, குனிஞ்சபடியே, அந்த ராத்திரி நடந்ததைச் சொன்னான். யாரும் பதில் சொல்லல. ஐயா மட்டும் கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடிச்சுக் கொடுத்துட்டுப் போனார்.

இஞ்சின் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 97 சிசி, சின்ன இஞ்சின், அங்கிள் நேரத்துக்கு எண்ணெய் மாற்றி வச்சிருந்ததால உள்ளே பழுதில்லை. வலப்பக்க மூடி, கேஸ்கெட், உதைக்கிற கட்டை மாற்றினோம். கார்புரேட்டர் கழுவினோம். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடிப் பருமன்தான். அதைத் தம்பியையே வைக்கச் சொன்னார் தவுக்கே. நாலாவது உதையில் பிடிச்சுக்கிச்சு.

சண்டை வந்தது பெயிண்ட் அடிக்கிறதில்தான்.

எங்க பையன்களுக்கு ஆசை அதிகம். முன் மட்கார்டில் வேல், இரண்டு பக்கக் கவரிலும் முருகன், பின்னால் மயில் தோகை, அதோடு சத்தம் போடுகிற எக்ஸாஸ்ட் பைப். பைப்பை அன்றைக்கே வேண்டாம்னு தள்ளினோம். நாலரை மணிக்குத் தூங்குகிற தாமானுக்குள்ளே போகிற வண்டி அது, அந்தச் சத்தத்துக்கு ஜேபிஜே சம்மன் வேற. சாமி படத்தை வேண்டாம்னு சொன்னவர் நம்ம திருப்பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த சுதை வேலை வர்ணக்காரர். சாரத்திலிருந்து இறங்கி டீ குடிக்க வந்தவர், கவரைப் பார்த்துட்டு, "தம்பி, நாங்க கோபுரத்துல சிலைக்குக் கண்ணைக் கடைசியா திறக்கிறோம். திறந்துட்டா அது சாமி. நீங்க இதுல கண்ணைத் திறந்துட்டு, சேறு அடிக்க விடுவீங்க, முட்டி உரச ஓட்டுவீங்க" என்றார். ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களை நாங்க குறை சொல்லல, எங்க மோட்டார்லயும் இருக்கு. ஆனா அது ஒட்டியிருக்கிற இடத்தை அன்றைக்கு ராத்திரி எல்லாரும் போய்ப் பார்த்தோம். இரண்டு பேர் உரிச்சிட்டாங்க.

அப்போ என்னதான் வரையறதுன்னு ஆளாளுக்குப் பேசிக்கிட்டிருக்க, தம்பி சொன்னான்: "அப்பா பூ எடுக்கிற நேரம்."

அதைத்தான் செஞ்சோம். விடியறதுக்கு முந்தின வானம் மாதிரி கருநீலம், அதில் அங்கங்கே வெள்ளை நந்தியாவட்டை, பக்கக் கவரில் ஒரு கொத்து வெட்சி. அடி நிறம் நீலமாகவே இருந்ததில் இன்னொரு வசதி, கெரானில் நிறத்தை மாற்றிப் பதிய வேண்டியதில்லை. வர்ணக்காரர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பூவை எல்லாம் வரைஞ்சு கொடுத்தார். அப்படியே உயிரோடு இருக்கிற மாதிரி. மேலே கிளியர் அடிக்கிறது எங்க பொறுப்பு. நாங்க அவசரப்பட்டு மழை விட்ட சாயங்காலம் அடிச்சோம். காற்றில் அவ்வளவு ஈரம். காலையில் பார்த்தா கிளியர் பால் ஊற்றின மாதிரி வெளுத்துக்கிடக்கு. தேய்ச்சு எடுக்கும்போது பூவும் சேர்ந்து போச்சு. அதற்குள் வர்ணக்காரருக்கு பெர்மிட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டார்.

இரண்டாவது முறை தம்பியே வரைஞ்சான். 400, 800, 1000 என்று உப்புத்தாளால் தேய்ச்சு, துடைச்சு, அடி நிறம் அடிச்சு, காய விட்டு, பிரஷ்ஷை எடுத்தான். பூஜைக்கு வந்திருந்த நந்தியாவட்டை ஒன்றை எதிரே வச்சுக்கிட்டு ஒவ்வொன்றா வரைஞ்சான். நாலு ஞாயிறு ஆச்சு. வர்ணக்காரர் வரைஞ்ச அளவுக்கு இல்லை, உண்மையைச் சொல்லணும். ஆனா கிளியர் மட்டும் இந்தத் தடவை நல்ல வெயிலில் அடிச்சோம்.

ரோட்டெக்ஸ், காப்புறுதி புதுப்பிச்சு, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அங்கிள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். தம்பிதான் ஓட்டினான், நாங்க பின்னாலேயே இரண்டு காரில். அங்கிள் இப்போ கைத்தடியோடு நடக்கிறார். வாசலுக்கு வந்தார். மோட்டாரைச் சுற்றி ஒரு தடவை வந்தார். எங்களுக்கு நெஞ்சு படபடங்குது. குனிஞ்சு பக்கக் கவரைத் தடவிப் பார்த்தார்.

"இது என்னடா, ஆறு இதழ்? நந்தியாவட்டைக்கு அஞ்சுதான்டா."

எண்ணிப் பார்த்தோம். மூன்று பூவுக்கு ஆறு இதழ் இருந்துச்சு. தம்பி தலையைச் சொறிஞ்சான். அங்கிள் முன்பக்கம் வந்து நின்னார்.

"கூடை எங்க?"

அப்போதான் எங்களுக்கு உறைச்சுது. முன்னால் வரைஞ்ச பூ தெரியணும், பார்க்க ஸ்டைலா இருக்கணும்னு கூடையைக் கழற்றி வச்சவங்க திரும்பப் பூட்டவே இல்லை. "கூடை இல்லாம பூவை எதுலடா கொண்டுபோவீங்க, சட்டைப் பையிலயா?" என்று கேட்டுட்டு, வீட்டுக்குப் பின்னால் போய் அவரே அந்தப் பழைய கம்பிக் கூடையை எடுத்துட்டு வந்தார். விபத்தில் நசுங்கினது. யாருக்கும் தெரியாம அதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி வச்சிருக்கார். வாசலிலேயே உட்கார்ந்து பூட்டினோம். முன்னால் இருந்த பூ பாதி மறைஞ்சிடுச்சு.

மறுநாள் ஐந்து மணி இருபதுக்குக் கூடை நிறையப் பூவோடு தம்பி வந்தான். ஐந்து நிமிஷம் தாமதம். சந்நிதிக்குள் போய்த் தானே தட்டில் வச்சான். அதுக்கப்புறம் தினமும் வருகிறான். மழை நாளில் மட்டும் எங்களில் ஒருத்தர் பின்னாலேயே காரில் போகிறோம். அங்கிள் கேட்டுக்கிட்டது அது.

ஒரு வேண்டுகோள். இத்தனை மாசத்தில் பூ எடுக்கிற வழி கொஞ்சம் விட்டுப்போச்சு. சில வீடுகளில் ஆள் மாறியிருக்காங்க, சில வேலிகளை வெட்டிட்டாங்க. வீட்டில் செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ வச்சிருக்கிறவங்க கீழே கமெண்டில் தாமான் பேரை மட்டும் போடுங்க, முகவரியைத் தனியா மெசேஜில் வாங்கிக்கிறோம். காலை நாலரை மணியிலிருந்து ஐந்துக்குள் வேலியோரம் நீல மோட்டார் ஒன்று நின்னா பயப்பட வேண்டாம், நாயை மட்டும் கொஞ்சம் கட்டி வையுங்க.