பத்து நாளைக்கு ஒரு தடவை வந்த பேய்

ஆணி புடுங்குறதுல பல வகை உண்டு மக்களே. தினமும் வர்ற பக் நல்ல பக். பத்து நாளைக்கு ஒரு தடவை வர்றது பேய். அப்படி ஒரு பேய்கிட்ட மாட்டின கதை இது.

நான் டிரைவர் எழுதின போர்டு அப்பப்ப தானா ரீசெட் ஆகும். லாக்கைப் பார்த்தா, டிவைஸ் பதில் சொல்லி 23,000 வருஷம் ஆச்சுங்கிற ரேஞ்சுல ஒரு எண்! சங்க காலத்துக்கும் முந்தி :-) நான் என்ன பண்ணினேன்? "ஹார்ட்வேர் கோளாறு"ன்னு எல்லாருக்கும் சிசி போட்டு ஒரு மெயில் தட்டிட்டேன். போர்டை டிசைன் பண்ணின சீனியர் ரெண்டு வாரம் ராத்திரி ஆஸிலாஸ்கோப்போட உட்கார்ந்தார்.

தப்பு என்னோடது.

அந்த டைமர் கவுண்டர் 64 பிட். பஸ் 32 பிட். ஒரே மூச்சுல படிக்க முடியாது. மேல் பாதி, அப்புறம் கீழ் பாதி. ஒரு கடிகாரத்துல மணி ஒரு சுவத்துலயும் நிமிஷம் எதிர் சுவத்துலயும் இருக்குன்னு வச்சுக்குங்க. நேரம் 10:59. மணி 10ன்னு பார்த்துட்டுத் திரும்பறதுக்குள்ள 11:00 ஆயிடுது. நிமிஷம் 00. நீங்க 10:00ன்னு எழுதிக்கிறீங்க. காலம் பின்னாடி போயிடுச்சு! சைன் இல்லாத எண்ல கழிச்சா மைனஸ் வராது, 23,000 வருஷம்தான் வரும்.

கவுண்டர் ஓடுறது 25 மெகாஹெர்ட்ஸ்ல. கீழ் பாதி 172 செகண்டுக்கு ஒரு தடவை நிரம்பி பூஜ்யமாகும். என் கோடு செகண்டுக்கு 1000 தடவை படிக்குது. ரெண்டு படிப்புக்கும் நடுவுல சுமார் 200 நானோசெகண்ட் இடைவெளி. அதாவது 5000 தடவை நிரம்பினா சராசரியா ஒரு தடவை மாட்டும். பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 10 நாள். பேயோட விலாசம் கிடைச்சிருச்சு.

மருந்து ரொம்ப சிம்பிள். மேல் பாதி, கீழ் பாதி, மறுபடி மேல் பாதி. ரெண்டு மேல் பாதியும் ஒண்ணா இருந்தா எடுத்துக்கலாம், இல்லேன்னா முதல்லேர்ந்து. கார்டெக்ஸ்-ஏ9 மேனுவல்ல குளோபல் டைமருக்கு இதையேதான் சொல்லியிருக்காங்க. 32 பிட் ரிஸ்க்-ஃபைவ்லயும் இதே வழிதான். இதுல கொடுமை என்னன்னா, நான் சேர்த்திருந்த லினக்ஸ் ஹெட்டர் ஃபைலோட பேர்லயே 'நான்-அட்டாமிக்'னு இருக்கு. தினமும் பார்த்தேன், படிக்கத்தான் இல்லை.

அதே சிசி லிஸ்டுக்கு மன்னிப்பு மெயில் போட்டேன். சீனியர் திட்டல. "அடுத்த தடவை மெயிலுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணு தம்பி"ன்னார். திட்டியிருந்தா தேவலை.

டிஸ்கி: எல்லா ரெஜிஸ்டருக்கும் இந்த மருந்து ஆகாது. சிலதுல கீழ் பாதியைப் படிச்சா ஹார்ட்வேரே மேல் பாதியைப் பிடிச்சு வச்சுக்கும். அங்க வரிசை மாறக்கூடாது, நடுவுல வேற யாரும் படிக்காம இருக்க லாக்கும் வேணும். படிச்சதும் அழியுற கவுண்டரை மறுபடி படிச்சா, கணக்கே போச்சு. மேனுவலைப் படிங்க சாமிகளா!