கடலூர் டூ சிதம்பரம்... கேமரா யார் கையில்?

சாயங்காலம் அஞ்சரை மணிக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் போய்ப் பாருங்க. சுண்டல் விக்கிறவங்க, பட்டம் விடுற பொடிசுங்க, காலேஜ் கும்பல்... எல்லாரையும் மிஞ்சி நிக்கிறது செல்போன் கேமராதான். அலை வருதோ இல்லையோ, செல்ஃபி வந்துடும்! ஆனா கரைக்கு இந்தப் பக்கம், வலை காயப்போட்டிருக்கிற தெருக்களை யாரும் படம் எடுக்கறது இல்ல. அங்க இருக்கிற பிள்ளைங்க கையில ஒரு நல்ல கேமராவைக் கொடுத்து, 'உன் ஊரை நீயே எடு' என்று சொன்னவங்க எத்தனை பேர்?

இந்தக் கேள்வியைப் பைக்குள்ள போட்டுக்கிட்டுதான் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறணும். ஏன்னா, இந்த ரூட்டில் இருக்கிற ஒவ்வொரு ஊரும் யாரோ ஒருத்தர் கேமராவில் பதிவான ஊர். பெரும்பாலும் வெளியூர்க்காரர் கேமராவில்!

<b>எல்லை போட்டது பீரங்கி</b>

கடலூருக்கு இது புதுசு இல்லை. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கின ஆங்கிலேயர்கள், கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் தங்களுக்குச் சொந்தம் என்று எல்லை வச்சாங்க. உள்ளே மாட்டின கிராமங்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் கதை இன்னும் உயிரோடு இருக்கு. எங்கே நின்னு பார்க்கிறோம், எதுவரைக்கும் பார்க்கிறோம் என்பதை வெளியே இருந்து வந்தவர்தான் முடிவு பண்ணியிருக்கார்.

அப்புறம் 2004 டிசம்பர் 26. சுனாமி. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளை பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு... கரையோரக் குப்பங்கள் கலங்கிப் போச்சு. இரண்டு நாள் கழிச்சு, ராய்ட்டர்ஸ் போட்டோகிராபர் ஆர்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார். மணலில் குப்புற விழுந்து, உள்ளங்கைகள் வானத்தைப் பார்க்க, கதறுகிற ஒரு பெண். ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும். 2005 பிப்ரவரியில் அந்தப் படம், 2004-ம் வருஷத்தின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வாச்சு. ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற வேர்ல்டு பிரஸ் போட்டோ கொடுக்கிற விருது அது.

அந்தப் படம் உலகத்தையே கடலூர் பக்கம் திரும்பிப் பார்க்க வச்சது. அதில் சந்தேகமே இல்லை. ஆனா இருபது வருஷம் கழிச்சும், உலகத்துக்குத் தெரிஞ்ச கடலூர் அந்த ஒரு படம்தான். அந்த மணலில் வளர்ந்த பிள்ளைங்க தங்கள் ஊரை எப்படிப் பார்க்கிறாங்க என்பதற்கு அப்படி ஒரு படம் இல்லை. வலை பின்னும் தாத்தா, அதிகாலை ஏலம், மீன் கூடையோடு பஸ்ஸுக்கு ஓடும் அம்மா... இதெல்லாம் யார் எடுப்பது?

<b>அதே பிப்ரவரி, இன்னொரு மேடை</b>

2005 பிப்ரவரியிலேயே இன்னொரு விஷயமும் நடந்தது. கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு போட்டோகிராஃபி சொல்லிக் கொடுத்த கதை 'பார்ன் இன்டு பிராத்தல்ஸ்'. சானா பிரிஸ்கியும் ராஸ் காஃப்மனும் எடுத்த அந்தப் படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. படமெடுக்கப் போன பிரிஸ்கி, அங்கேயே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பிச்சு, 2002-ல் 'கிட்ஸ் வித் கேமராஸ்' என்ற லாபநோக்கற்ற அமைப்பையும் தொடங்கினார். பிள்ளைகள் எடுத்த படங்களை விற்று, அந்தப் பணம் அவங்க படிப்புக்கு. அதில் ஒரு பையன் அதே ஆம்ஸ்டர்டாமுக்கு, வேர்ல்டு பிரஸ் போட்டோவின் சிறுவர் நடுவர் குழுவுக்குப் போனான். பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா படிச்சான்.

கேட்க சூப்பரா இருக்குல்ல? ஆனா கதை அதோட முடியலை. சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களே நடத்தும் 'துர்பார்' அமைப்பு கோபப்பட்டது. நாங்க எங்க பிள்ளைகளுக்காகச் செய்த வேலை எதுவும் படத்தில் இல்லையே, வெளியிலிருந்து வந்தவர்தான் காப்பாத்தின மாதிரி இருக்கே என்பது அவங்க வாதம். நியாயமான கேள்விதான். கேமராவைப் பிள்ளை கையில் கொடுத்தாலும், அந்தக் கதையைச் சொல்லும் மைக் யார் கையில் இருக்கு?

இப்படி ஒரு அமைப்பை நடத்துறவருக்கு லென்ஸ் பத்தித் தெரிஞ்சா மட்டும் போதாது. மூணு விஷயத்தில் தெளிவு வேணும்.

முதல் விஷயம்: கேமரா யாருடையது? அமெரிக்காவில் வெண்டி எவால்டு 1970-களில் கென்டக்கி மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு போட்டோகிராஃபி கற்றுக் கொடுத்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ஏழை வட்டாரம் அது. அவர் கேமராவை இனாமாகக் கொடுக்கலை. ஒரு சின்னத் தொகைக்கு விற்றார். காசு இல்லாதவங்க வேலை செஞ்சு கழிச்சுக்கலாம். 'இது என் கேமரா' என்கிற எண்ணம் வந்தாதான், 'இது என் படம்' என்கிற எண்ணமும் வரும்.

ரெண்டாவது: படம் யாருடையது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 படி, சம்பளத்துக்கோ கூலிக்கோ எடுத்ததாக இல்லாவிட்டால், எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். படம் வெளியாகி 60 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு. எடுத்தவர் பத்து வயசுக் குழந்தை என்றாலும் இதேதான். அதனால் காலண்டருக்கோ, நன்கொடை கேட்கும் நோட்டீஸுக்கோ அந்தப் படத்தைப் போடுவதற்கு முன்னாடி பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்கணும். படத்துக்குள்ளே இருக்கிறவரிடமும் கேட்கணும். விற்றால் கணக்கு காட்டணும்.

மூணாவது, ரொம்ப முக்கியமானது: உங்களுக்கு அப்புறம் யார்? ராய்ட்டர்ஸ் போட்டோகிராபராக இருந்த நான்சி மெக்கர் 1991-ல் கவுதமாலா நகரத்துக் குப்பைமேட்டில் வாழ்ந்த ஆறு பிள்ளைகளோடு 'ஃபோட்டோகிட்ஸ்' அமைப்பை ஆரம்பிச்சார். அங்கே படிச்ச பிள்ளைகள் வளர்ந்து, அடுத்த பேட்சுக்கு வாத்தியார் ஆனாங்க. தலைமை என்பதை நாற்காலியாகப் பார்க்காமல், தொடர் ஓட்டத்தில் கை மாறும் குச்சி மாதிரி பார்த்ததால்தான் இது நடந்தது.

<b>ஜன்னலோர சீட்</b>

சரி, பஸ் கிளம்பிடுச்சு. திருப்பாதிரிப்புலியூரை விட்டு ஓ.டி. தாண்டினா சிப்காட். மூக்கே சொல்லிடும்! ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர்... ஜன்னல் ஓரம் உட்கார்ந்தா ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு. இடதுபக்கம் கிளை பிரிஞ்சா பரங்கிப்பேட்டை. சிதம்பரத்திலிருந்து கிழக்கே போனா கிள்ளை, பிச்சாவரம்.

பிச்சாவரத்துக்கு கேமரா வந்து பல வருஷமாச்சு. 1975-ல் எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி', 2008-ல் கமலின் 'தசாவதாரம்' என்று சினிமாக்காரர்கள் வந்து போன இடம். சுரபுன்னைக் காட்டுக்குள்ளே படகில் போய், கிளைகள் கூரை போட்ட கால்வாயில் ஒரு கிளிக்... இது இல்லாத காலேஜ் டூர் ஆல்பமே கிடையாது. சுனாமி சமயத்தில் இந்த அலையாத்தி மரங்கள் பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாத்தினது பத்தி, கடலூர் கரையை வச்சு 2005-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வுக் கட்டுரையே வந்தது. எவ்வளவு காப்பாத்தியது என்று அப்புறம் விஞ்ஞானிகளுக்குள் விவாதமும் நடந்தது.

ஆனா அதே தண்ணியில், கழுத்தளவு இறங்கி, வெறும் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் உங்க ஆல்பத்தில் இருக்காங்களா? இருந்தாலும், தூரத்திலிருந்து எடுத்த ஒரு நிழல் உருவமா இருப்பாங்க. தண்ணிக்குள்ளே விரல் எதைத் தேடுது, குளிரில் தோல் எப்படிச் சுருங்குது, பிடிச்ச இறாலை எந்தக் கூடையில் போடறாங்க... இதெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த டூரிஸ்ட்டுக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை கேமரா பிடிச்சா வர்ற படமே வேற.

<b>கரிமேட்டிலிருந்து ஒருத்தர்</b>

சும்மா ஆசையில் சொல்லலை. நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கு. மதுரை ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்த பழனி குமாரின் அம்மா மீன் வியாபாரி. அம்மா மீன் வாங்கும் கரிமேடு மார்க்கெட்தான் பழனிக்கு ஆரம்பப் பாடசாலை. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பி.சாய்நாத் 2014-ல் தொடங்கிய 'பாரி' ஆவணக் களஞ்சியத்தில் 2019-ல் ஃபெல்லோ. அப்புறம் அங்கேயே புகைப்படக் கலைஞர். தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது 2022-ல் முதன்முதலா கொடுக்கப்பட்டபோது, அதை வாங்கினவர் இவர்.

விருது வாங்கினதோட நிக்கலை. வியாசர்பாடி பிள்ளைகளுக்கும் நாகப்பட்டினம் கரையோர மீனவப் பெண்களுக்கும் போட்டோகிராஃபி சொல்லிக் கொடுத்தார். அவர் மாணவர்களில் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற திருமுல்லைவாசல் பெண்ணும் உண்டு. சிதம்பரத்திலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்! மாணவர்கள் எடுத்த படங்கள், அவங்க பெயரிலேயே, அவங்க வார்த்தைகளோடு வெளியாச்சு. கருவாடு காய வைக்கிற பெண்ணை இன்னொரு மீனவப் பெண் படம் எடுக்கும்போது, பரிதாபப் பார்வை வராது. எந்த நேரத்தில் முதுகு வலிக்கும் என்பது தெரிஞ்ச பார்வை வரும்.

சென்னையில் 2016-ல் முதல் 'சென்னை போட்டோ பியன்னாலே' நடந்தது. அதை நடத்தும் அறக்கட்டளையும் கண்காட்சியோடு நிக்காமல் பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டோ கல்வியைத் தனி வேலையாகவே எடுத்துச் செய்யுது. ஆனா சென்னையில் கிடைக்கிறது கிள்ளைக்கு வர எத்தனை காலம் ஆகும்?

<b>பார்க்கும் உரிமை</b>

சிதம்பரம் வந்தாச்சு. கீழ வீதியில் இறங்கி நடந்தா கோபுரம். வாசல் சுவர்களில் 108 கரணச் சிற்பங்கள். கழுத்து வலிக்கப் பார்க்கலாம். சந்நிதிப் பக்கம் கேமராவுக்குத் தடா. ஆனா இந்த ஊரில் 'பார்ப்பது' என்பதே பெரிய வழக்கு. நடராஜரைக் கண்ணால் பார்க்க முடியாதா என்று ஏங்கின நந்தனார் கதை இந்த ஊருடையது. பிறப்பைக் காரணம் காட்டி, பார்க்கக்கூட விடாத காலம்.

அந்த நந்தனார் பெயரிலேயே 1916-ல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1959-ல் அவர் மறைஞ்ச பிறகும் நந்தனார் பெயரில் பள்ளிகள் நடக்குது. தலைமுறை தலைமுறையா அங்கிருந்து பிள்ளைகள் படிச்சு வெளியே வந்திருக்காங்க. ஒரு தலைவர் என்றால் என்ன என்பதற்கு இந்த ஊரே வச்சிருக்கிற பதில் இது. கட்டினார், நின்றார், தான் போன பிறகும் நடக்கிற மாதிரி விட்டுட்டுப் போனார். அன்றைக்கு ஸ்லேட்டும் பல்பமும். இன்றைக்கு அதோடு ஒரு கேமராவும் சேரலாமே?

அண்ணாமலை நகர் பிரெண்ட்ஸ், உங்களுக்குத்தான் இது. 1929-லிருந்து அங்கே ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. உங்க ஹாஸ்டல் அலமாரியில் ஓரங்கட்டின பழைய டிஜிட்டல் கேமரா, திரை கீறல் விழுந்த செல்போன் கட்டாயம் கிடக்கும். பத்து பேர் சேர்ந்தா பத்து கேமரா. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், கிள்ளையிலோ பரங்கிப்பேட்டையிலோ ஒரு மாலைநேர வகுப்பு டீச்சரிடம் பேசி, ஊர்ப் பெரியவங்க சம்மதத்தோட ஆரம்பிக்கலாம். முதல் பாடத்துக்கு அப்பர்ச்சர், ஷட்டர் எதுவும் வேண்டாம். 'வீட்டுக்குள்ளே வெளிச்சம் எந்த வழியா வருது?' என்று கேட்டு அனுப்புங்க. பிள்ளைங்க கண்டுபிடிச்சுட்டு வருவாங்க.

ஒரே ஒரு கண்டிஷன். மூணு வாரம் போட்டோ எடுத்து, குரூப் போட்டோ போட்டு, சர்டிபிகேட் வாங்கிட்டு எஸ்கேப் ஆகறதா இருந்தா தயவுசெஞ்சு போகாதீங்க. சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரையில் வண்டி வண்டியாக வந்து இறங்கிக் காணாமல் போனவங்களை ஊர் மறக்கலை. நீங்க பாஸ் ஆகிப் போகும்போது சாவியை ஜூனியர் கையில் கொடுக்கணும். ரெண்டாம் வருஷம், கிள்ளைப் பிள்ளை ஒருத்தரே வகுப்பு எடுக்கணும்.

படங்கள் சேர்ந்ததும் சென்னை கேலரிக்கு ஓட வேண்டாம். முதல் கண்காட்சி அந்த ஊரிலேயே நடக்கட்டும். ரெண்டு கம்பத்துக்கு நடுவே வலைக்கயிறு கட்டி, துணி கிளிப்பில் படத்தை மாட்டுங்க. கீழே பிள்ளையின் பெயரை எழுதுங்க. இறால் பிடிச்சுட்டு ஈரத்தோட கரையேறும் அம்மா, தன்னைத் தன் பொண்ணு எப்படிப் பார்த்திருக்கா என்று முதல்ல பார்க்கட்டும். உலகம் அதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.