பிறர் வேலையில் கை வைக்கும் முறை

கொச்சி காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் எங்கு பார்த்தாலும் சம்பளத்துக்கு மென்பொருள் எழுதுகிற அலுவலகங்கள். 2023 செப்டம்பர் முதல் வாரத்தில், அதே வளாகத்தின் ஒரு கூடத்தில் பலர் தங்கள் விடுமுறையைச் செலவழித்து மென்பொருளைப் பராமரித்துக்கொண்டிருந்தார்கள். நீண்ட மேஜைகள், காலில் தட்டும் மின்கம்பிகள், பல நாட்டு முகங்கள். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பேணுகிறவர்கள் ஆண்டுதோறும் கூடும் டெப்கான்ஃப் மாநாடு முதன்முறையாக இந்தியாவுக்கு வந்திருந்தது. மாநாடு செப்டம்பர் 10 முதல் 17 வரை. அதற்கு முந்தைய வாரத்துக்கு டெப்கேம்ப் என்று பெயர். அந்த வாரத்தில் உரைகளும் மேடையும் கிடையாது. வந்து உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். நான் பார்க்க விரும்பியது அதைத்தான்.

டெபியனை அறியாதவர்களும் அதன் நிழலில்தான் இருக்கிறார்கள். 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் என்ற மாணவர் அறிவித்துத் தொடங்கியது இது. உபுண்டு இதன்மேல் எழுந்தது. ராஸ்பெரி பை கருவிகளின் இயங்குதளமும் அப்படியே. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனின் வழித்தோன்றல்தான். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அது இருந்ததைப் பல மாணவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். நான் கொச்சிக்குப் போவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 ஜூன் 10 அன்று, டெபியனின் 12ஆம் பதிப்பு வெளியாகியிருந்தது. அதில் 64,419 பேக்கேஜ்கள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் பொதிகள். வாக்குரிமையுள்ள டெவலப்பர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களோடு கைகொடுக்கும் மற்றவர்கள் இன்னும் பலர். இவர்களுக்கு மேலே நிறுவனம் இல்லை, முதலாளி இல்லை. ஆண்டுக்கொரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அவராலும் யாரையும் பார்த்து ‘இதைச் செய்’ என்று உத்தரவிட முடியாது. 1998இல் இவர்கள் ஏற்றுக்கொண்ட அமைப்புச் சட்டத்தின் தொடக்கத்திலேயே அது இருக்கிறது: இத்திட்டத்துக்காக வேலை செய்தே ஆகவேண்டும் என்ற கடமை யாருக்கும் கிடையாது, ஆனால் விதிகளின்படி எடுத்த முடிவுகளுக்குக் குறுக்கே நிற்கவும் கூடாது.

யாரையும் கட்டாயப்படுத்த முடியாத ஆயிரம் பேர் இத்தனை பேக்கேஜ்களை எப்படிப் பழுதில்லாமல் வைத்திருக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடுதான் நான் போனேன்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் தன் திரையை என் பக்கம் திருப்பினார். பெங்களூரில் வேலை, இரவுகளில் டெபியன். “நாங்க யாரும் இந்த மென்பொருளை எழுதலைங்க சார். எழுதினவங்க வேற எங்கயோ இருக்காங்க. அதை இங்க இருக்கற எல்லாத்தோடயும் பொருந்திப் போற மாதிரி ஆக்கறதுதான் எங்க வேலை.” மூலநிரலுக்குள் டெபியன் என்றொரு கோப்புறை. அதில் ‘கண்ட்ரோல்’ என்ற கோப்பு, இந்த பேக்கேஜ் இயங்க வேறு எவையெல்லாம் வேண்டும் என்று சொல்கிறது. ‘ரூல்ஸ்’, எப்படிக் கட்டுவது என்று. ‘காப்பிரைட்’, எந்தக் கோப்பு யாருடையது, எந்த உரிமத்தின்கீழ் என்று. ‘சேஞ்ச்லாக்’, யார், எந்தத் தேதியில், என்ன செய்தார் என்று. சில பேக்கேஜ்களின் சேஞ்ச்லாக்கை அவர் கீழே உருட்டிக்கொண்டே போனார். பெயர்கள் மாறின, ஆண்டுகள் பின்னோக்கிப் போயின, தொண்ணூறுகள்வரை வந்தன. அத்தனை பெயர்களும் அழியாமல் அங்கேயே இருக்கின்றன.

தமிழ் எழுத்துரு பேக்கேஜ்களையும் காட்டச் சொன்னேன். லோகித், சம்யக் என்று அவற்றுக்கும் தனித்தனி பேக்கேஜ், தனித்தனிப் பிழைப்பட்டியல். டெபியனை நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். நம் எழுத்து கணினியில் ஒழுங்காகத் தெரிவதற்குப் பின்னால் யாரோ ஒருவரின் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்பதை நாம் போதுமான அளவு நினைத்துப் பார்த்ததில்லை.

புதிதாக ஏற்றப்படும் பேக்கேஜ் முதலில் போவது ‘அன்ஸ்டேபிள்’ என்ற கிளைக்கு. பதிப்புகளுக்கெல்லாம் டாய் ஸ்டோரி படத்துப் பாத்திரங்களின் பெயரைச் சூட்டுவது இவர்கள் வழக்கம். அன்ஸ்டேபிளின் பெயர் மட்டும் மாறுவதில்லை, எப்போதும் ‘சிட்’, அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கிற பையன். அங்கே சில நாள் கிடந்து, கடுமையான பிழை எதுவும் பதிவாகாமல், பல வகைக் கணினிக் கட்டமைப்புகளில் எவற்றில் முன்பு கட்டப்பட்டதோ அவற்றிலெல்லாம் மறுபடி ஒழுங்காகக் கட்டப்பட்டால்தான் ‘டெஸ்டிங்’ கிளைக்கு நகரும். இதை ஒரு நிரல் தானாகவே பார்த்துக்கொள்கிறது. பிழைப்பட்டியல் முழுக்கப் பொதுவில் இருக்கிறது. பிழை எண்கள் 2021லேயே பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டன.

சிக்கல் தொடங்குவது, பிழையைப் பார்க்கவேண்டிய ஆள், அதாவது அந்த பேக்கேஜின் பராமரிப்பாளர், காணாமல் போகும்போது. அவர் நோயுற்றிருக்கலாம், குழந்தை பிறந்திருக்கலாம், வேலை மாறியிருக்கலாம், ஆர்வமே போயிருக்கலாம். சம்பளம் வாங்குகிறவரென்றால் மேலதிகாரி கேட்பார். இங்கே கேட்க ஆளில்லை. அதேசமயம் அந்த ஒரு பேக்கேஜ் உடைந்து கிடந்தால் அதை நம்பியிருக்கும் பல பேக்கேஜ்கள் நகராமல் நின்றுவிடும். பல்லாங்குழியில் ஒரு குழியில் காய் போடாமல் அடுத்ததற்குத் தாவ முடியாதல்லவா, அதைப்போல.

ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த நடுவயதுக்காரர் ஒருவர் சரியாக இந்த நிலைமையில்தான் உட்கார்ந்திருந்தார். புதிய பைத்தான் பதிப்போடு ஒரு பேக்கேஜ் கட்டப்பட மறுத்தது. திருத்தத்தைப் பிழையறிக்கையில் இணைத்து அனுப்பியும் அதன் பராமரிப்பாளரிடமிருந்து பதில் இல்லை. அவர் இப்போது என்ன செய்வார் என்று பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பதிப்பு எண்ணின் கடைசியில் 3 என்றிருந்ததை 3.1 ஆக்கினார். இது பராமரிப்பாளர் ஏற்றியதில்லை, வெளியாள் ஏற்றியது என்பதற்கு அந்தப் புள்ளிதான் அடையாளம். சேஞ்ச்லாக்கின் முதல் வரியிலும் அதையே எழுதினார். பிறகு தன் டிஜிட்டல் சாவியால் கையொப்பமிட்டு, நேரே டெபியனின் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பாமல், தாமத வரிசை என்ற ஒன்றில் ஐந்து நாள் தவணையோடு வைத்தார். அந்த ஐந்து நாளுக்குள் பராமரிப்பாளர் வந்து ‘வேண்டாம், நானே செய்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது உள்ளே போகாது. தவணை எவ்வளவு என்பதற்கும் வழக்கம் உண்டு. கடுமையான பிழை, நெடுநாள் மௌனம் என்றால் தவணையே தேவையில்லை. சாதாரணப் பிழை என்றால் பத்து நாள்.

அந்தக் கோப்புறையில் அவர் கண்ணில் பட்ட வேறு குறைகளும் இருந்தன. பழைய பாணி, தேவையற்ற வரிகள். ஒன்றைக்கூடத் தொடவில்லை. “வந்த காரியம் இந்தப் பிழை. மற்றதெல்லாம் அவருடைய விருப்பம்” என்றார். “ஆனால் நான் ஏற்றியதால் வேறு ஏதாவது உடைந்தால், அதைச் சரிசெய்வது என் பொறுப்பு.” அந்தப் பராமரிப்பாளரை அவர் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. திருத்திய நேரத்தைவிட அவருக்கு எழுதிய கடிதத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். குற்றம் சொல்லும் தொனி வந்துவிடக்கூடாதென்று ஒரு வரியை மூன்றுவிதமாக மாற்றிப் பார்த்தார்.

என் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி இந்த மேஜையில்தான் கிடைத்தது. தன்னார்வலர்கள் என்றால் அன்பால் இயங்குகிறவர்கள், அன்பு இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். அன்பு இருக்கிறது. ஆனால் பிறர் பொறுப்பில் எப்போது நுழையலாம், எவ்வளவு தொடலாம், எத்தனை நாள் காத்திருக்கவேண்டும், எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் எழுதிவைத்த முறை இருப்பதால்தான் அந்த அன்பு முப்பது ஆண்டு தாங்கியிருக்கிறது. நம் ஊரில் எத்தனையோ நல்ல சங்கங்கள், சிற்றிதழ்கள், நூலகங்கள் ஒருவர் தோளில் நின்று, அவர் களைத்ததும் சாய்ந்திருக்கின்றன. களைப்பைக் குற்றமாக்காமல் பொறுப்பை இறக்கிவைக்க ஒரு வழி அங்கே இருந்ததில்லை.

டெபியனில் அந்த வழி இருக்கிறது. முடியவில்லையென்றால் ‘உதவி தேவை’ என்று அறிவிக்கலாம். ‘யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லலாம். ‘இதை நான் விட்டுவிட்டேன்’ என்றும் சொல்லலாம். அப்போது அது பொதுத் தரக்குழுவின் பெயருக்குப் போகும். எதுவுமே சொல்லாமல் காணாமல் போனவரைத் தேடி எழுத ஒரு தனிக்குழு. கவனிப்பாரற்றுக் கிடக்கும் பேக்கேஜை ஒருவர் மீட்டெடுக்க விரும்பினால், முறைப்படி அறிவித்து 21 நாள் காத்திருக்கவேண்டும். அதன்பின் ஏற்றுவதையும் தாமத வரிசை வழியாகத்தான் செய்யவேண்டும். உரியவர் எந்தக் கட்டத்திலும் வந்து நிறுத்தலாம்.

இந்தக் கைத்தொழிலில் கையின் எடை எவ்வளவு என்பதற்கு 2008இல் ஒரு பெரிய சான்று கிடைத்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளில், சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டுகிறதென்று 2006இல் டெபியன் பக்கத்தில் சில வரிகள் நீக்கப்பட்டன. அதற்குமுன் அம்மென்பொருளின் ஆசிரியர்கள் கூடும் மடற்குழுவில் கேட்கவும் செய்திருந்தார்கள். ஆனால் சாவிகளுக்குத் தேவையான எதேச்சைத்தன்மை அந்த வரிகளோடு போய்விட்டது. ஒரே வகை, ஒரே நீளமுள்ள சாவியென்றால் ஒரு கட்டமைப்பில் அதிகபட்சம் 32,768 வேறுபாடுகள்தான் சாத்தியம் என்ற நிலை. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் டெவலப்பர் இதைக் கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று அறிவிப்பு வந்தபோது, உலகெங்கும் சர்வர்களில் சாவிகளை மாற்றவேண்டியிருந்தது. மறைக்காமல் உடனே சொன்னார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதனால்தான் யார் கை என்பதில் இவ்வளவு கண்டிப்பு. கையொப்பமில்லாத எதையும் களஞ்சியம் ஏற்பதில்லை. ஒருவரின் சாவி அவருடையதுதானா என்பதை நேரில் சந்தித்து, பாஸ்போர்ட்டையோ வேறு அடையாள அட்டையையோ பார்த்து உறுதிசெய்யும் மரபு இருக்கிறது. இணையத்தில் வாழும் ஒரு கூட்டம் ஆண்டுக்கொரு முறை விமானம் ஏறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 2024 மார்ச் 29 அன்று வந்த செய்தியைப் படித்தபோது இதன் பொருள் எனக்கு இன்னும் அழுத்தமாகப் புரிந்தது. எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்குமென்பொருளைத் தனியாளாகப் பேணிக் களைத்திருந்த ஒருவருக்கு, முகமறியாத யாரோ இரண்டாண்டுக்கு மேலாக உதவி செய்து நம்பிக்கை பெற்று, உள்ளே திருட்டுக் கதவு வைத்திருந்தார்கள். டெபியனின் அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் அது வந்துவிட்டது. சிட் ஓடிக்கொண்டிருந்த தன் கணினியில் தொலைநுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ரூண்ட் என்ற பொறியாளரால் அது பிடிபட்டது. டெபியனின் முறைகள் அதைத் தானாகத் தடுத்துவிடவில்லை. ஆனால் தனியாளாய்க் களைத்திருப்பவரைத் தனியாகவே விட்டுவைப்பது எல்லோருக்கும் ஆபத்து என்று அந்தச் சம்பவம் காட்டியது. டெபியனில் பேக்கேஜ்களைக் குழுக்களாகச் சேர்ந்து பராமரிக்கும் வழக்கம் வளர்ந்திருப்பதை அதற்குப் பிறகு நான் வேறு மதிப்போடு பார்க்கிறேன்.

புதிய பேக்கேஜ்களின் உரிமக் கோப்புகளைப் படித்து அனுமதிக்கும் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு கோப்பும் யாருடையது என்று சரிபார்க்கும் வேலை அது. வரிசை நீண்டால் எல்லோரும் முணுமுணுப்பார்கள். அந்தச் சலிப்பான வாசிப்பால்தான் களஞ்சியத்தின் முதன்மைப் பகுதியிலிருந்து எடுக்கும் எதையும் பயமின்றி நகலெடுத்துப் பகிர முடிகிறது. அவர்களுக்கு நன்றி சொல்பவர்கள் குறைவு.

ஒரு மாலையில் கேரளக் கல்லூரி மாணவர் ஒருவர் பொள்ளாச்சிப் பெண்ணிடம் வந்தார். டெபியனுக்கு ஒரு புதிய பேக்கேஜ் செய்யவேண்டும், எதைச் செய்யலாம் என்று கேட்டார். இந்தியாவில் பலர் இப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள், சிறிய ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களைச் செய்து. அந்தப் பெண் வேறு வழி சொன்னார்: “புதுசு எதுக்கு தம்பி? உன் லேப்டாப்புலயே என்னென்ன கைவிடப்பட்டுக் கெடக்குதுன்னு பாரு.” அதற்கென்றே ஒரு நிரல் உண்டு. நம் கணினியில் நிறுவியிருப்பவற்றில் எவற்றுக்கு உதவி தேவை என்று அது பட்டியல் தருகிறது. மாணவருக்கும் ஒரு பட்டியல் வந்தது. அதில் தான் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு சிறிய கருவி இருப்பதைப் பார்த்து அவர் திகைத்தார்.

பழைய பிழையறிக்கை ஒன்றைத் திறந்தார்கள். மாணவரின் கணினியிலும் அதே பிழை வந்தது. உற்சாகத்தில் திருத்தத்தை எழுதப் போனவரை அந்தப் பெண் தடுத்தார். “முதல்ல கீழ வரைக்கும் படி. யாராச்சும் ஏற்கெனவே பேட்ச் அனுப்பியிருப்பாங்க.” இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு யாரோ அனுப்பி, யாரும் எடுக்காமல் கிடந்த திருத்தம். இப்போதைய பதிப்புக்கு ஏற்றபடி அதைச் சற்றே மாற்றினால் போதும். மாற்றி, கட்டி, சோதித்துப் பார்த்தார்கள். மாணவருக்கு ஏற்றும் உரிமை இல்லாததால் அந்தப் பெண் சரிபார்த்துத் தன் சாவியால் கையொப்பமிடுவதாகச் சொன்னார். சேஞ்ச்லாக்கில் என்ன எழுதுவது என்று மாணவர் கேட்டார். “பிழை எண்ணைப் போடு. அந்த பேட்ச் அனுப்பினவங்க பேரைப் போட்டு நன்றின்னு எழுது. கடைசியில உன் பேரு.” மாணவர் அந்தப் பெயரின் எழுத்துகளை அறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தட்டச்சு செய்தார்.