பத்து நிமிஷ நிறுத்தம்

ஆள் மாறிப்போனதால் நடந்த நல்ல காரியம் இது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்த் பிளாட். 1866-இல் யூனியன் பசிபிக் தண்டவாளத்தோடு முளைத்த ஊர். இரண்டாம் உலகப்போர்க் காலம். 1941 டிசம்பர் 17 அன்று ராணுவ ரயிலில் நம்ம ஊர்ப் பையன்கள் வருகிறார்கள் என்று யாரோ சொல்ல, தின்பண்டங்களோடு ஜனங்கள் ஸ்டேஷனில் திரண்டார்கள். வந்ததோ கான்சாஸ் மாநிலப் பையன்கள்! கொஞ்சம் திகைத்துவிட்டு, கொண்டுபோனதை அவர்களிடமே கொடுத்துவிட்டார்கள்.

அங்கே இருந்த ரே வில்சன் என்ற இளம்பெண், எல்லா ராணுவ ரயிலுக்கும் இதையே செய்தால் என்ன என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்துமஸ் அன்றே கேன்டீன் திறந்தாகிவிட்டது. ரயில் நிற்பது பத்து, பதினைந்து நிமிஷம்தான். அதற்குள் சாண்ட்விச், காபி, அவித்த முட்டை. பிறந்தநாள் என்றால் ஒரு முழு கேக்! (எத்தனை பேர் பொய் சொன்னார்களோ. சொல்லட்டுமே.) சர்க்கரையே ரேஷனில் கிடைத்த காலம். சுற்றுவட்டாரக் கிராமங்களும் முறைவைத்துச் சமைத்து வந்தன.

சுமார் 12,000 பேர் வாழ்ந்த ஊர், 1946 ஏப்ரல் 1 வரை 60 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை உபசரித்தது.

அந்த ஸ்டேஷன் இப்போது இல்லை. 1973-இல் இடித்துவிட்டார்கள்.